‘மெஸ்ஸி’ என்று ஒரு தீர்ப்பு

புதுவையில் நடந்த ஒரு சிறு கூட்டத்திலிருந்து இதைத் தொடங்க வேண்டியிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோரும் எழுதுகிறவர்கள், அல்லது எழுதப்போவதாக வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள். மரக்காணம் பக்கத்து உப்பளக் கிராமம் ஒன்றிலிருந்து வந்திருந்த ஒரு இளைஞர் தன் கவிதைகள் ஏழெட்டை வாசித்தார். முடித்ததும் வழக்கமான மௌனம். பிறகு, எங்களில் நிறையப் படித்தவர் என்று பெயரெடுத்த ஒரு நண்பர் சொன்னார்: “விஷயம் இருக்கு. ஆனா ரொம்ப மெஸ்ஸியா இருக்கு. கொஞ்சம் க்ளீன் பண்ணணும்.” தலைகள் அசைந்தன. அசைந்த தலைகளில் என்னுடையதும் ஒன்று.

இந்தக் கட்டுரை அந்த நண்பருக்கு எதிரானது. அந்தத் தலையாட்டலுக்கும் எதிரானது. ஆகவே எனக்கும் எதிரானது. இதைச் சொல்வது அடக்கத்துக்காக அல்ல. பின்னால் யாரும் கண்டுபிடித்துச் சொல்லும் சிரமம் வேண்டாம் என்பதற்காக.

அந்த இளைஞர் வாசித்தவற்றில் ஒன்று தாயைப் பற்றியது. தாய் உப்பு வாருகிறாள். நடுவில் சீட்டுப் பணம் கட்டவேண்டிய தேதி வருகிறது. குதிகால் வெடிப்பு வருகிறது. அக்காள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன், மேஸ்திரி எழுதிவைத்திருக்கும் கணக்கு, ரேஷன் கார்டில் தப்பாகப் பதிவான அப்பாவின் பெயர், வானம் கறுத்தால் பாத்தியில் இருப்பது கரைந்துவிடுமே என்கிற பயம், எல்லாம் வருகின்றன. எது முன் எது பின் என்று கிடையாது. சில வாக்கியங்கள் பாதியில் நின்றுவிட்டன. மேஸ்திரியின் பேச்சும் தாயின் பேச்சும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிட்டன.

இரண்டு மாதம் கழித்து எனக்கு ஒரு தபால் வந்தது. அதே கவிதை. “நீங்க எல்லாரும் சொன்ன மாதிரி க்ளீன் பண்ணிட்டேன் சார்” என்று ஒரு துண்டுச் சீட்டு. கவிதையில் இப்போது பதினோரு வரிகள். மேஸ்திரி போய்விட்டான். கடன் போய்விட்டது. ரேஷன் கார்டு போய்விட்டது. மிஞ்சியது ஒரு தாய், வெள்ளை நிறம், கடைசியில் உப்பும் கண்ணீரும் ஒன்றுதான் என்கிற கண்டுபிடிப்பு. தமிழில் இதை இதற்கு முன் ஆயிரம் பேர் கண்டுபிடித்திருக்கிறார்கள். இனியும் ஆயிரம் பேர் கண்டுபிடிப்பார்கள். நாங்கள் கேட்ட சுத்தம் கிடைத்துவிட்டது. கவிதை செத்துவிட்டது.

ஒரு சொல் இவ்வளவு காரியம் செய்யுமானால் அந்தச் சொல்லைக் கொஞ்சம் விசாரிப்பது நியாயம்.

2

நம் விமர்சகர்களின் சட்டைப்பையில் இப்படிச் சில ஆங்கிலச் சொற்கள் எப்போதும் இருக்கும். ‘டைட்’, ‘லூஸ்’, ‘ஸ்லாப்பி’, ‘மெஸ்ஸி’. தமிழில் சொன்னால் விளக்கம் கேட்பார்கள், ஆங்கிலத்தில் சொன்னால் தீர்ப்பாகிவிடும் என்பது இவற்றின் சௌகரியம். நானும் பி.ஏ. வகுப்பில் ஆங்கிலம் படித்தவன்தான். மூன்று வருஷப் படிப்பில் எனக்குக் கிடைத்த நிரந்தரச் சொத்து இந்த மாதிரிச் சொற்களில் ஒரு டஜன். வாங்கிய கடையில் அவற்றின் விலை என்ன என்று நான் விசாரித்ததில்லை.

‘மெஸ்’ என்ற சொல்லின் பூர்வோத்தரம் எந்த நல்ல ஆங்கில அகராதியிலும் இருக்கிறது. லத்தீனில் அனுப்புதல் என்ற வினையிலிருந்து ‘மிஸ்ஸுஸ்’. அனுப்பப்பட்டது, அதாவது சமையல் கட்டிலிருந்து பந்திக்கு அனுப்பப்பட்ட பதார்த்தம். அது பழைய பிரெஞ்சில் ‘மெஸ்’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போயிற்று. முதலில் அதற்கு ஒரே பொருள்தான்: ஒரு வேளைக்கான உணவு, ஒருவருக்கான பங்கு. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசர் காலத்து பைபிள் மொழிபெயர்ப்பில், எகிப்தில் யோசேப்பு தன் சகோதரர்களுக்குப் பந்தி வைக்கும் இடத்தில் இந்தச் சொல் வருகிறது. மற்றவர்களுடையதைவிட பென்யமீனுடைய ‘மெஸ்’ ஐந்து மடங்கு பெரிது. இதைப் பென்யமீனின் அலங்கோலம் ஐந்து மடங்கு என்று படித்துச் சிரிக்காத கல்லூரி மாணவன் இல்லை. ஏசா தன் சேஷ்டபுத்திரபாகத்தைப் பயற்றங்கூழுக்கு விற்ற கதைக்கு ஆங்கிலத்தில் நிலைத்துவிட்ட தொடர் ‘மெஸ் ஆஃப் பாட்டேஜ்’. அது ஜேம்ஸ் அரசர் பைபிளின் வாசகத்தில் இல்லை. அதற்கு முந்திய 1560இன் ஜெனிவா பைபிளில் அத்தியாயத் தலைக்குறிப்பாக இருந்தது. அங்கும் பொருள் சோறுதான். கிண்ணத்தில் ஊற்றிய கூழ்தான்.

பதார்த்தத்தின் பெயர் பிறகு அதைச் சேர்ந்து உண்கிறவர்களின் பெயராயிற்று. லண்டனில் சட்டம் பயிலும் ‘இன்’களில் நான்கு பேர் சேர்ந்தது ஒரு ‘மெஸ்’. ஷேக்ஸ்பியர் காலத்தில் நால்வர் என்பதற்கே அது வேடிக்கைப் பெயராகியிருந்தது. கப்பலிலும் ராணுவத்திலும் சேர்ந்து உண்கிற கூட்டம் இதே பெயரால் நின்றது.

சொல் கீழே இறங்கியது இதற்குப் பிறகு. 18ஆம் நூற்றாண்டில் மிருகங்களுக்குக் கலந்து வைக்கிற தீனிக்கு இந்தப் பெயர் வந்தது. கலந்த தீனியிலிருந்து, கலந்து கிடக்கிற எதற்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் குழப்பம், அலங்கோலம், ஒழுங்கின்மை எல்லாம் இதன் பொருளாகிவிட்டன. கூட்டத்தில் நண்பர் பயன்படுத்தியது இந்தக் கடைசி இருநூறு வருஷப் பொருளை.

இது ஒரு சொல்லுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஆங்கிலத்தில் ஒழுங்கின்மையைக் குறிக்கும் சொற்களை வரிசையாகத் திருப்பிப் பார்த்தால் ஒரே கதை திரும்பத் திரும்ப வருகிறது. ‘லிட்டர்’: சிதறிக் கிடக்கும் குப்பை. மூலத்தில் அது படுக்கை. பிறகு கால்நடைகள் படுக்கப் பரப்பிய வைக்கோல். ‘ஷேம்பிள்ஸ்’: அலங்கோலத்தின் உச்சம். மூலத்தில் அது சின்ன பெஞ்சு. பிறகு கசாப்புக்காரர் கறி விற்கும் பலகை, பிறகு வெட்டுமிடம், பிறகு ரத்தக்களரி, அப்புறம்தான் வெறும் தாறுமாறு. யார்க் நகரத்தில் கசாப்புக் கடைகள் இருந்த தெருவுக்கு இன்றும் அதுதான் பெயர். ‘ஸ்லாப்பி’க்கு மூலமான ‘ஸ்லாப்’ நோயாளிக்குக் கொடுக்கிற நீர்த்த ஆகாரத்தையும் குறித்தது, அடுக்களைக் கழிவையும் குறித்தது. உணவு, படுக்கை, தொழில் செய்கிற பலகை. ஒழுங்கின்மைச் சொற்கள் எல்லாம் யாரோ உண்ட இடத்தில், உறங்கிய இடத்தில், வேலை செய்த இடத்தில் பிறந்தவை. அங்கே வேலை செய்யாத ஒருவன் வாசலில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டபோது அவை வசவாக மாறின.

3

இனி நம் பக்கம். கோட்டக்குப்பத்திலிருந்து தெற்கே நடந்தால் முத்தியால்பேட்டை. 1954 நவம்பர் வரை அது பிரெஞ்சுக்காரர் ஆண்ட மண், இது வெள்ளைக்காரத் துரைத்தனத்திலும் அப்புறம் சென்னை ராஜ்யத்திலும் இருந்த மண். அந்த எல்லைக்கு இரண்டு பக்கமும் இந்தச் சொல் இரண்டு விதமாக வாழ்ந்தது. பிரெஞ்சில் ‘மே’ என்று உச்சரிக்கப்படும் அதன் இன்றைய உருவம் பதார்த்தம் என்ற ஒரே பொருளில் நின்றுவிட்டது. அலங்கோலத்துக்கு அவர்கள் வேறு சொல் வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் சோறும் அலங்கோலமும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன. ஆங்கிலேயரிடமிருந்து சொல்லை வாங்கிய தமிழன் என்ன செய்தான்? சோற்றை எடுத்துக்கொண்டு அலங்கோலத்தை அவனிடமே விட்டுவிட்டான்.

தமிழில் மெஸ் என்றால் சாப்பாடு. அதுவும் ஹோட்டல் சாப்பாடு அல்ல, வீட்டுச் சாப்பாட்டுக்கு அருகில் வருகிற ஒன்று. ராணுவத்திலிருந்தும் கல்லூரி விடுதியிலிருந்தும் வந்த சொல். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் அறையெடுத்துத் தங்கிய குமாஸ்தாக்களுக்கும் பரீட்சைக்குப் படித்தவர்களுக்கும் மாதக் கணக்கில் சோறு போட்டது அந்தச் சொல். மதுரையில் அம்மா மெஸ் என்று பெயர்ப்பலகை. ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவர் அதைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று யோசித்துப் பாருங்கள். நமக்கு அந்தப் பெயரில் எந்த முரணும் படவில்லை. முரண் இல்லாததால்தான் படவில்லை. இலை விரித்து, ஓரத்தில் உப்பு வைத்து, காய் வைத்து, நடுவில் சோறு வைக்கிற இடத்தைவிட வரிசை உள்ள இடம் எது?

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. தமிழில் ‘மிசைதல்’ என்றால் உண்ணுதல். குறளிலேயே இருக்கிறது. ஆகவே மிசையே மெஸ் ஆயிற்று, லத்தீனுக்குக் கொடுத்தது நாம்தான் என்று யாராவது ஒரு அன்பர் இதைப் படித்த கையோடு எழுதிவிடக்கூடும். தயவுசெய்து வேண்டாம். ஒலி ஒத்துப்போவதை உறவு என்று சாதிக்கிற அந்த வியாதியும், ‘மெஸ்ஸி’ என்று சொல்லி நகர்கிற இந்த வியாதியும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன. இரண்டும் சொல்லின் வாழ்க்கையைப் பார்க்க மறுக்கின்றன. ஒருவருக்குப் பெருமை போதும், மற்றவருக்குத் தோரணை போதும்.

4

இனி நண்பர் சொன்னதன் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். ‘க்ளீன் பண்ணணும்.’

ஆங்கிலத்தில் ஒரு விமர்சகன் ஒரு கவிதையை ‘மெஸ்’ என்று சொல்லும்போது அவனுக்குப் பின்னால் கலைந்த மேஜை இருக்கிறது. அதிகம் போனால் சிந்திய கஞ்சி இருக்கிறது. அதே வாக்கியத்தைத் தமிழன் ஆங்கிலத்தில் சொல்லும்போது அவனுக்குப் பின்னால் வேறொன்று இருக்கிறது. நமக்குச் சுத்தம் என்பது மேஜையை ஒழுங்குபடுத்துகிற விவகாரமல்ல. அதன் எதிர்ப்பதம் அசுத்தம். அதன் பக்கத்துச் சொற்கள் மடி, தீட்டு, எச்சில். எச்சம் என்றால் மிஞ்சியது, அவ்வளவுதான். அதே குடும்பத்து எச்சில் இன்னொருவன் தொடக்கூடாததாகி, அதை எடுப்பதற்கென்றே மனிதர்களை ஒதுக்கிவைத்த சரித்திரம் நம்முடையது. யார் யாரோடு உட்கார்ந்து உண்பது என்பதில்தான் நம் சுத்தம் முழுக்கத் தங்கியிருந்தது.

இதற்கு உதாரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். காந்தி 1888இல் லண்டன் போய் இன்னர் டெம்பிளில் சேர்ந்தார். அங்கே விருந்துகளில் உட்கார்ந்தால்தான் டேர்ம் நிறையும். நான்கு பேருக்கு இரண்டு பாட்டில் ஒயின். தான் குடிக்காததால் தன்னை நாலாவது ஆளாகச் சேர்த்துக்கொள்ளப் போட்டி இருந்தது, மூன்று பேர் இரண்டு பாட்டிலைக் காலி செய்யலாமே, என்று சுயசரிதையில் வேடிக்கையாகச் சொல்கிறார். இருபது வருஷம் கழித்து அதே ஊரில் லிங்கன்ஸ் இன்னில் வ.வே.சு. ஐயர் சட்டம் படித்தார். அங்கே படித்தவர் எவரும் அந்தப் பந்தியைத் தப்பியிருக்க முடியாது. சாதி கேட்காத, முறை வைத்து நாலு பேராக உட்காரவைத்த பந்தி. 1910இல் அவர் போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் புதுவைக்கு வந்து சேர்ந்தார். கம்பனை உலகக் கவிகளோடு வைத்துப் பேசியவர், தமிழ்ச் சிறுகதைக்கு ஆரம்பம் செய்தவர் என்று நாம் கொண்டாடுகிறவர். கொண்டாட வேண்டியவர்தான்.

அதே ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு நடந்தது. பெற்றோர் வற்புறுத்தலுக்கு இணங்கியது அது. ஐயர் தனிப்பட்ட முறையில் பேதம் பாராட்டாதவர் என்பதை எதிரிகளும் மறுக்கவில்லை. யாருக்கும் தொந்தரவு இல்லாத, காதும் காதும் வைத்த மாதிரியான ஏற்பாடு. இதைவிட ‘க்ளீன்’ ஆன தீர்வு உண்டா? 1924, 25இல் அந்தத் தீர்வு தமிழ்நாட்டையே பிளந்தது. வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ.ரா.வும் எதிர்த்து நின்றார்கள். 1925 ஜூனில் ஐயர் பாபநாசம் அருவியில் மாண்டார். அதே வருஷக் கடைசியில் ஈ.வெ.ரா. காங்கிரஸைவிட்டு வெளியேறினார். 1957இலும் விஷயம் முடியவில்லை. திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற ஒரு சொல்லை எடுக்க மாதக்கணக்கில் மறியல் நடக்க வேண்டியிருந்தது. மெஸ்ஸுகள் நிறைந்த அதே திருவல்லிக்கேணி.

ஐயரைக் குறைசொல்லி நல்ல பெயர் எடுப்பது என் நோக்கமல்ல. ஒரு பெரிய மனதுக்குக்கூட ஒழுங்கு என்பது தனித்தனியாகப் பிரித்து வைப்பதாகவே தோன்றிவிடுகிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். அந்தப் பிரிவினை கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தது. சேர்ந்து உட்கார்ந்திருந்தால்தான் குழப்பம் என்று அன்று சொல்லியிருப்பார்கள். நாம் ஒரு கவிதையைப் பார்த்து, ‘மேஸ்திரி கணக்கும் தாயின் குதிகாலும் ஒரே வரியில் வரலாமா, பிரித்து வை’ என்று சொல்லும்போது எந்த மனசிலிருந்து சொல்கிறோம்? கவிதையின் பந்தியில் எதை எதோடு உட்காரவைக்கலாம் என்கிற அந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் சொல்லிவிட்டதால் நம் கை சுத்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். ‘அசுத்தமாக இருக்கிறது’ என்று அந்த இளைஞர் முகத்துக்கு நேராகத் தமிழில் சொல்லியிருப்போமா? சொல்லியிருந்தால் நாக்கு கூசியிருக்கும். கூசியிருந்தால் யோசித்திருப்போம். அந்த யோசனையிலிருந்து நம்மைக் காப்பாற்றியது ‘மெஸ்ஸி’ என்கிற அந்தச் சொல்தான்.

5

ஆங்கிலச் சொல்லை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதும் நேர்மையல்ல. தமிழிலும் அதே சரிவு இருக்கிறது. இந்தக் கடற்கரையில் இருந்துகொண்டு அதைக் காணாமல் இருக்க முடியாது.

குப்பை என்ற சொல்லுக்கு முதல் பொருள் குவியல். நற்றிணையில் உலோச்சனார் பாட்டொன்றில், மீன்பிடிக்கப் போனவர்களின் திமில்களை உப்புக் குவியல் மேல் ஏறி நின்று எண்ணுகிற காட்சி வருகிறது. அந்தக் குவியலுக்கு அங்கே இருக்கும் சொல் குப்பைதான். ஏறி நின்று தன் ஆட்கள் பத்திரமாகத் திரும்புகிறார்களா என்று பார்ப்பதற்கு இடம் கொடுத்த உயரம் அது. சிவகங்கைப் பக்கம் நெற்குப்பை என்று ஊரே இருக்கிறது. நெல் குவிந்த ஊர் என்று பெருமையாக வைத்த பெயர். பிள்ளை தங்காத வீட்டில் பிறந்த குழந்தையைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று பெயர் வைத்தார்கள். குப்பைக்கு உயிரைக் காக்கிற சக்தி இருப்பதாக நம்பியவர்கள். பாரதிதாசனின் சஞ்சீவி பர்வதத்தில் வஞ்சியோடு மலையேறுகிறவன் பெயரும் குப்பன்.

பிறகு குவியல் போயிற்று, கழிவு மட்டும் நின்றது. இன்று உப்பளத்தில் நின்று குவித்துவைத்த உப்பைக் குப்பை என்று சொன்னால் அடிக்க வருவார்கள். பக்கத்துச் சொல்லான குப்பத்துக்கும் அதே கதி. வீடுகள் ஒன்றுசேர்ந்து குவிந்த இடம், கடலோரத்தில் மீன்பிடிக்கிறவர்களின் ஊர். கோட்டக்குப்பம் இன்று நகராட்சி. இந்த ஊர்க்காரர் யாரும் பெயரைச் சொல்ல வெட்கப்படுவதில்லை. ஆனால் சென்னையில் ‘குப்பத்து ஆள்’ என்று சொல்லிப் பாருங்கள், அது வேறு அர்த்தம். 1970இல் சென்னையில் குடிசை மாற்று வாரியம் வந்தபோது ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘ஸ்லம் க்ளியரன்ஸ்’. அந்த ‘ஸ்லம்’ என்ற சொல்லும் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் லண்டன் திருட்டுப் பாஷையில் அறை என்ற பொருளில் புறப்பட்டதுதான். ஒருவன் குடியிருந்த அறை. 2021இல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். பெயர் சுத்தமாயிற்று. கடலோரத்துக்காரனைத் தொழிலிலிருந்து பிரித்து நகரத்துக்கு வெளியே அடுக்குமாடியில் ஏற்றுகிற காரியத்தைப் பெயர் மாற்றம் மட்டும் சரிசெய்துவிடாது.

குவியலையும் கலைசலையும் ஒன்றாகப் பார்ப்பது பார்ப்பவனின் பிழை. உப்பளத்துக்குப் போய்ப் பார்த்தால் இது புரியும். பாத்தி சதுரம் சதுரமாக, வரப்பு நேராக, நீர் ஒரே மட்டத்தில். இது ஒழுங்கு. பலகையால் இழுத்து ஒதுக்கி, கூடையில் வாரி, பெண்கள் தலையில் சுமந்து வந்து கொட்டிக் குவிக்கிறார்களே, அதுவும் ஒழுங்குதான். வேலை நடந்திருப்பதற்கு அத்தாட்சி அது. கார் ஜன்னல் வழியாகப் படம் எடுக்கிறவனுக்குப் பாத்தி மட்டும் அழகு, குவியலுக்குப் பக்கத்தில் கிடக்கிற கிழிந்த தார்ப்பாயும் உடைந்த கூடையும் அலங்கோலம். மழை வந்தால் உப்பைக் காப்பது அந்தத் தார்ப்பாய்தான்.

6

இப்போது நண்பரின் தரப்பில் சொல்லக்கூடியதை நானே சொல்லிவிடுகிறேன். ‘அப்படியானால் எதையும் எப்படியும் எழுதலாமா? வறுமையிலிருந்து வந்தவன் எழுதினான் என்பதற்காக அவன் கலைந்த வாக்கியங்களை எல்லாம் கலை என்று கொண்டாட வேண்டுமா?’

வேண்டாம். அந்தக் கொண்டாட்டத்தையும் நான் பார்த்திருக்கிறேன். ‘பச்சையாக இருக்கிறது, மண்வாசனையாக இருக்கிறது, ஒரு எழுத்தைக்கூட மாற்றாதே’ என்று தோளில் தட்டி அனுப்புவார்கள். அது இன்னும் மோசமான அவமானம். உனக்கு வடிவம் தேவையில்லை, நீ கச்சாப் பொருளாக இருந்தால் போதும் என்று அதற்குப் பொருள். அதுவும் தனிப் பந்திதான். அந்த இளைஞரின் கவிதையில் மோசமான இடங்கள் இருந்தன. இரண்டு உவமைகள் சினிமாப் பாட்டிலிருந்து வந்தவை. ஓரிடத்தில் மேஸ்திரியின் கணக்கு வாசகனுக்குப் பிடிபடவில்லை. பிடிபட வேண்டும், ஏனென்றால் கவிதையின் கோபம் அந்தக் கணக்கில் இருந்தது. இவற்றை வரி வரியாகச் சொல்லியிருக்க வேண்டும். ‘இங்கே எனக்குப் புரியவில்லை, இங்கே நீ சொல்வதை நீயே நம்பவில்லை, இந்த வாக்கியம் பாதியில் நின்றது சரி, அந்த வாக்கியம் நின்றது சோம்பல்’ என்று. அதற்கு அரை மணி நேரம் ஆகியிருக்கும். கவிதையை இரண்டு தடவை கேட்டிருக்க வேண்டும். ‘மெஸ்ஸி’ என்று சொல்ல ஒரு வினாடி போதும்.

என் புகார் முழுவதும் இதுதான். அந்தச் சொல் விமர்சனமல்ல. விமர்சனம் செய்ய வேண்டிய வேலையிலிருந்து கழன்றுகொள்வதற்கான சாக்கு. ஒரு கவிதை கலைந்திருக்கிறது என்றால் எது எதோடு கலந்தது, கலந்ததால் என்ன நேர்ந்தது, பிரித்தால் என்ன போகும் என்று சொல்லத் தெரியவேண்டும். அந்தத் தாயின் வாழ்க்கையில் கடன் தேதியும் மேகமும் குதிகாலும் ஒரே கணத்தில்தான் வருகின்றன. அவளுக்கு அவற்றைத் தனித்தனியாக அனுபவிக்கிற வசதி கிடையாது. அந்த ஒரே கணத்தைப் பிடிக்க முயன்றதுதான் கவிதையின் வடிவம். தடுமாறிய வடிவம், ஆனாலும் வடிவம். சுத்தம் செய்யச் சொன்னபோது, அவளுக்கு இல்லாத வசதியை அவளைப் பற்றிய கவிதைக்கு நாம் கொடுத்தோம். கவிதை பொய்யாயிற்று.

ஆங்கிலப் பாடத்தில் நான் படித்த நவீனக் கவிஞர்கள் எவரையும் இந்தச் சொல்லால் அடித்துவிடலாம் என்பது இன்னொரு விஷயம். 1922இல் எலியட் ‘பாழ்நில’த்தை வெளியிட்டபோது அதில் மதுக்கடைப் பேச்சும் சமஸ்கிருதமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. அதை நாம் நவீனத்துவம் என்று மரியாதையோடு மனப்பாடம் செய்தோம். மரக்காணத்து மேஸ்திரியும் ரேஷன் கார்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் அது ‘மெஸ்’. லண்டன் மதுக்கடை இலக்கியத்துக்குள் வர அனுமதிச் சீட்டு எங்கே வாங்கியது என்று நண்பர் சொல்வாரா?

7

கடைசியாக ஒன்று. நான் வங்கியில் குமாஸ்தா. கவுன்டருக்கு வருகிற விண்ணப்பப் படிவங்கள் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் ஊர், தொகை எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு முழு வாக்கியம். சில வருஷங்களுக்கு முன் ஒரு அம்மாள் கடன் படிவத்தில் ‘காரணம்’ என்ற சின்னக் கட்டத்தில் ஆரம்பித்து, ஓரத்தில் ஏறி, பின்பக்கம் போய் எழுதியிருந்தார். யாரையோ எழுதச் சொல்லிச் சொல்லியிருக்கிறார். நான் ஒரு புதுப் படிவத்தை எடுத்து, கட்டத்துக்குள் ‘வீட்டுச் செலவு’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். எழுதியதைப் படித்துக்காட்டச் சொன்னார். படித்துக்காட்டினேன். “அவ்ளோதானா தம்பி?” என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன். பழைய படிவத்தைக் கிழித்துக் கூடையில் போட்டேன். அன்று அது எனக்கு உதவியாகத்தான் தோன்றியது. பின்பக்கம் வரை போன அந்த எழுத்தில் என்ன இருந்தது என்று நான் படிக்கவில்லை.

படிவத்துக்குக் கட்டம் இருக்கிறது. அங்கே எனக்கு வேறு வழியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். கவிதைக்குக் கட்டம் அடித்தது யார்? கூட்டத்தில் தலையாட்டியபோது நான் மாலை ஆறு மணிக்கு மேலும் கவுன்டரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்த இளைஞருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். சுத்தம் செய்த பதினோரு வரி வேண்டாம், பழையதை அனுப்புங்கள், மேஸ்திரியின் கணக்கை மட்டும் இன்னும் விளக்கமாக எழுதுங்கள், எத்தனை கூடைக்கு எவ்வளவு என்று வாசகனுக்குத் தெரிய வேண்டும் என்று. பதில் வந்தது. பழைய பிரதி கைவசம் இல்லையாம். புதியதை நல்ல தாளில் எழுதிக்கொண்டபின் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டாராம். நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

நண்பர் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தச் சொல்லை வெளியே விட்டுவிட்டு வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பசித்தால் எல்லை தாண்டி முத்தியால்பேட்டையில் சாப்பிடப் போகலாம். மெஸ் என்ற சொல்லை அங்கே நாம் எல்லோரும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.